யார் ஜாமீன்? ஆரணித் தறியிலிருந்து ஒரு கடன் வரலாறு

ஜாமீன்னு சொன்னதும் நமக்குக் கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்னைக்கு நாம பேசப் போறது கடன் பத்திரத்துல, கடன் வாங்கினவர் பெயருக்குக் கீழே விழுகிற இன்னொரு கையெழுத்தைப் பத்தி.

ஜாமீன் அரபியிலிருந்து பாரசீகம் வழியா வந்த சொல். நம்ம சொல் பிணை. பிணைக்கிறது, கட்டுறதுன்னு வர்ற வினையோட உறவு. புணைன்னு ஒரு பழைய சொல்லும் இருக்கு. அதுக்குத் தெப்பம்னும் பொருள், ஈடுன்னும் பொருள். எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் அது.

ஆரணிக்குப் போவோம். கமண்டல நாகநதிக் கரையில இருக்கிற ஊர். வரலாற்றுப் புத்தகத்துல ஆரணின்னா 1751-ல கிளைவ் ஜெயிச்ச சண்டை, மராட்டிய ஜாகீர்தார்கள், அவ்வளவுதான் வரும். நமக்கு இன்னைக்கு வேண்டியது அங்க இருக்கிற பட்டுத்தறி. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வரணும், ஜரிகைக்குச் சூரத்தைப் பார்க்கணும். ரெண்டுமே விலை கூடின சரக்கு. நெய்றவர்கிட்ட இருக்கிறது தறி, இல்லேன்னா வெறும் கை. அதனால பாவு, ஊடை, ஜரிகை எல்லாத்தையும் முதலாளி கொடுப்பார். சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. கல்யாணம், ஆஸ்பத்திரின்னு வந்தா அதே முதலாளிகிட்ட முன்பணம். நிலமோ நகையோ இல்லாத ஒருத்தரை நம்பிப் பணமும் பட்டும் கொடுக்கும்போது ஒரு கேள்வி வரும்: உனக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வி கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இருந்துச்சு. அவங்க வாங்கினது பெரும்பாலும் பருத்தித் துணி, பட்டு இல்லை. ஆனா சங்கிலி ஒன்னுதான்: கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும், வணிகர் தரகருக்கு, தரகர் நெசவாளிக்கு. துணி வரலேன்னா பணம் நடுவுல மாட்டிக்கும். சென்னப்பட்டணத்துப் பெரிய வணிகர் காசி வீரண்ணா 1680-ல இறந்த பிறகு, வணிகர்களையெல்லாம் ஒரே கூட்டுப் பங்கு அமைப்பா சேர வெச்சாங்க. ஒருத்தர் பாக்கிக்கு எல்லாரும் பொறுப்புன்னு ஆனா கம்பெனிக்கு நிம்மதிதானே.

அதுக்கப்புறம் 1872-ல இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்துச்சு. அதுல 128-ஆவது பிரிவை ஜாமீன் போடுற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும். பத்திரத்துல வேற மாதிரி எழுதலேன்னா, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதல்ல அவர்கிட்ட கேளுங்க, கிடைக்கலேன்னா என்கிட்ட வாங்கன்னு சொல்ல முடியாது. 1968-ல பாங்க் ஆஃப் பீகார், தாமோதர் பிரசாத் வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையேதான் சொல்லுச்சு. ஜாமீன்தாரருக்குப் பாதுகாப்பே இல்லையான்னா, இருக்கு. கட்டின பணத்தைக் கடன்காரர்கிட்டயிருந்து திரும்பக் கேட்கலாம். உங்களைக் கேட்காம கடன் நிபந்தனையை மாத்தினா, அதுக்கப்புறம் நடக்கிற கொடுக்கல் வாங்கலுக்கு நீங்க பொறுப்பில்லை. ஆனா நிறைய வங்கிப் படிவங்கள்ல இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு ஒரு வரி சின்ன எழுத்துல இருக்கும். கையெழுத்துப் போடுற அவசரத்துல அதை யார் படிக்கிறாங்க?

சொத்து இல்லாதவருக்குச் சொத்துள்ள ஜாமீன் எங்கிருந்து கிடைக்கும்? இதுக்கு வழி தேடி அன்றைய சென்னை அரசு ஃபிரெடெரிக் நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்புச்சு. 1895-லயும் 1897-லயும் ரெண்டு தொகுதியா அவர் அறிக்கை கொடுத்தார். அவர் கண்ட பதில் ஜெர்மனியில ரைஃபைசன் நடத்தின கிராமக் கடன் சங்கம்: உறுப்பினர் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் வரம்பில்லாத பொறுப்பு. 1904-ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல நகரக் கூட்டுறவுக் கடன் சங்கத்துல நாட்டிலேயே முதலாவதா பதிவானது எங்க தெரியுமா? ஆரணிக்குப் பக்கத்து நெசவு ஊரான காஞ்சிபுரத்துல. 1935-ல கோ-ஆப்டெக்ஸ் பிறந்ததும் இந்தப் பாதையிலதான்.

சங்கத்துக்கு வெளியே இருந்தவங்க கதை வேற. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் படிங்க. கொத்தடிமை முறைன்னா என்னன்னு சொல்ற இடத்துல ஜாமீன்தாரரும் வர்றார். கடன்காரர் கட்டத் தவறினா அவருக்குப் பதிலா நான் உழைக்கிறேன்னு ஜாமீன்தாரர் ஒத்துக்கிட்டாலும் அது கொத்தடிமைத்தனம்தான். கையெழுத்துப் போட்டவர் உடம்பையே ஈடா எடுத்துக்கிற வழக்கம் இருந்ததாலதானே சட்டம் இவ்வளவு தெளிவா எழுத வேண்டி வந்துச்சு?

ரெண்டு வருஷம் கழிச்சு, 1978-ல, மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருத்தருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துச்சு. கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டுச்சு. அவர் சகோதரர் முன்வந்தப்போ, சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு மறுத்துட்டாங்க. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையா விமர்சிச்சு, 1,000 ரூபாய் பத்திரத்துல விடச் சொன்னார். இது குற்ற வழக்கு, கடன் இல்லை. இருந்தாலும் கேட்ட கேள்வி அதேதான்.

இப்போ பெரிய ஒப்பந்ததாரர்களுக்கு வேற வழி வந்தாச்சு. வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலா காப்பீட்டு நிறுவனமே பிரீமியம் வாங்கிட்டுப் பிணைப் பத்திரம் கொடுக்கிறதுக்கான விதிகள் 2022 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. சாலை போடுற கம்பெனி மாமன் மச்சானைத் தேடிப் போக வேண்டாம்.

தறி வீட்டுப் பெண்ணுக்கு வங்கியில நெசவாளர் முத்ரா கடன் இருக்கு. அங்க கிடைக்கலேன்னா நுண்கடன் குழு. ஈடு வேண்டாம், பத்திரம் வேண்டாம். கூட நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு வந்தா போதும். ஒருத்தி தவணை கட்ட முடியாத வாரம், அந்த நாலு பேரும் கைக்காசைப் போட்டுக் கட்டுறாங்க. மிரட்டி வசூலிக்கிறதுக்கு எதிரா 2025-ல தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. அது கடன் கொடுத்த நிறுவனத்தையும் அதோட வசூல் ஆளையும் பார்க்குது. அடுத்த வாரக் கூட்டத்துல அந்த நாலு பேர் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டியது அவதான்.