சிகிச்சை நாய்

சிகிச்சை நாய் என்பது மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி முதலிய இடங்களுக்குத் தன் உரிமையாளருடன் சென்று, அங்குள்ள சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஆறுதலும் மன ஊக்கமும் அளிப்பதற்கெனத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட நாய் ஆகும். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோரின் பணிக்குத் துணை நிற்கிறது. இந்தியாவில் சென்னை, மும்பை ஆகிய நகரங்களில் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

பணி நாயிலிருந்து வேறுபாடு

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் போன்ற பணி நாய்கள், குறிப்பிட்ட ஒருவரின் தேவைக்காகப் பயிற்றுவிக்கப்பட்டு அவருடனேயே வாழ்பவை. சிகிச்சை நாய் தன் உரிமையாளரின் வீட்டில் வாழ்ந்து, குறித்த வேளையில் சென்று பலரைச் சந்திக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டத்தின்படி பணி நாய்கள் பொது இடங்களில் நுழையலாம். சிகிச்சை நாய்களுக்கு அவ்வுரிமை இல்லை. நிறுவனத்தின் அனுமதி தேவை.

வரலாறு

இங்கிலாந்தில் 1796இல் தொடங்கப்பட்ட யார்க் மனநலக் காப்பகத்தின் தோட்டங்களில் முயல், கோழி முதலிய சிறு உயிரினங்கள் நோயாளிகளின் நலன் கருதி வளர்க்கப்பட்டன. நீண்டகால நோயாளிகளுக்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்று செவிலியர் பணியின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியுள்ளார். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மோக்கி என்ற யார்க்சயர் டெரியர் நாய், மருத்துவமனையில் இருந்த காயமுற்ற படைவீரர்களை மகிழ்வித்தது.

அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன் இத்துறைக்கு அறிவியல் அடித்தளமிட்டவராகக் கருதப்படுகிறார். பிறருடன் பழகாத சிறுவன் ஒருவன், அவருடைய ஜிங்கிள்ஸ் என்ற நாயுடன் நெருங்கிப் பழகத் தொடங்கியதை அவர் கவனித்தார். அந்த அனுபவத்தின் அடிப்படையில் 1962இல் ஒரு கட்டுரையும், 1969இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1976இல் எலைன் சிமித் என்னும் செவிலியர், சிகிச்சை நாய்களைப் பதிவுசெய்யும் அமைப்பை அமெரிக்காவில் நிறுவினார்.

செயற்படும் முறை

நாய் எவரையும் மதிப்பிடுவதில்லை, பிழை திருத்துவதுமில்லை. இதனால் பேசத் தயங்கும் குழந்தை அதனிடம் அச்சமின்றிப் பேசுகிறது. நாய்க்கு உரக்கப் படித்துக் காட்டும் வாசிப்புத் திட்டம் 1999இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் தொடங்கியது. தற்புனைவு (ஆட்டிசம்) உள்ள குழந்தைகள் நாய்க்குக் கட்டளையிடுதல், பந்து எறிதல், உரோமம் வாருதல் ஆகியவற்றின் வழியாகப் பேச்சு, கவனம், கைத்தசை இயக்கம் ஆகியவற்றைப் பயில்கின்றனர். முதியோருக்குப் பழைய நினைவுகளைப் பகிரவும் தனிமை உணர்வு குறையவும் நாய் உதவுகிறது.

நாயைத் தடவிக்கொடுக்கும்போது மனிதரில் ஆக்சிடோசின் அளவு உயர்ந்து, மன அழுத்தத்துடன் தொடர்புடைய கார்ட்டிசோல் குறைவதாக 2003இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வொன்று காட்டியது. நாயிலும் ஆக்சிடோசின் உயர்ந்தது.

இந்தியாவில்

அனிமல்ஸ் ஏசியா அமைப்பின் நிறுவனர் ஜில் ராபின்சன், 1991இல் ஆங்காங்கில் ‘டாக்டர் டாக்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பின் வழியாக இத்திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. சி. பி. இராமசுவாமி ஐயர் அறக்கட்டளை சென்னையில் நடத்தும் சரசுவதி கேந்திரத்தில், கற்றல் குறைபாடும் தற்புனைவும் உள்ள குழந்தைகளுக்கு நாய்வழிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மும்பையில் மினால் கவிஷ்வர் நிறுவிய அனிமல் ஏஞ்சல்ஸ் அமைப்பு இத்துறையில் ஈடுபட்டுள்ளது.

தேர்வும் பாதுகாப்பும்

இனம் முதன்மையானதன்று; இயல்பே முதன்மையானது. அயலார் தொடுதல், திடீர் ஒலி, சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு மிரளாத நாயே தகுதியுடையது. நாட்டு நாய்களும் இப்பணிக்கு ஏற்றவை.

வெறிநாய்க்கடி நோய் நிலவும் இந்தியாவில் தடுப்பூசியும் அதற்கான சான்றும் தவிர்க்க முடியாதவை. குடற்புழு, உண்ணி, தோல்நோய் ஆகியவற்றுக்கும் கால்நடை மருத்துவரின் பரிசோதனை தேவை. 2015இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுத்தடுப்பு வழிகாட்டுதல், நாய்க்குக் குறைந்தது ஓராண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்தல் அவசியம்.

வரம்புகள்

நாய்க்கு அஞ்சுவோர், ஒவ்வாமை உள்ளோர், நோய் எதிர்ப்புத்திறன் குன்றியோர் ஆகியோருக்கு இம்முறை பொருந்தாமல் போகலாம். குழந்தையின் விருப்பமின்றி நாயை அருகே கொண்டுவருதல் அச்சத்தையே பெருக்கும். பல ஆய்வுகள் சிறு எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டவை. எனவே நீண்டகாலப் பயன் குறித்து உறுதியாகக் கூற இயலாது. நாயின் நலனும் கருதத்தக்கது. அடிக்கடி கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல் ஆகியவை அதன் களைப்பையோ அழுத்தத்தையோ உணர்த்தக்கூடும். அப்போது சந்திப்பை நிறுத்த வேண்டும்.

இவற்றையும் பார்க்க

வழிகாட்டி நாய்
தற்புனைவு
வெறிநாய்க்கடி நோய்