குதிரைக்கு மாலை, முருகனுக்கு உயரம்

ராஜபாளையத்துக்காரரிடம் அய்யனார் கோவில் என்று சொன்னால் அவர் மனசுக்கு முதலில் வருவது தண்ணீர். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஆற்றோரமாக இருக்கிறார் நீர்காத்த அய்யனார். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்து நகரத்துக்குக் குடிநீராகிறது. மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் ஆற்றைக் கடக்க யாரையும் விடமாட்டார்கள். வெள்ளம் வடிகிறவரை சாமி அந்தக் கரையில், கும்பிட வந்தவர்கள் இந்தக் கரையில். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு அது. வானத்தைத் தொடுகிற சிலை எதுவும் அங்கே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது எதைக் கட்டினாலும் பொம்மையாகத்தான் தெரியும்.

பெரிய மலை எதுவும் கண்ணில் படாத புதுக்கோட்டைச் சீமையில் கதை வேறு. ஆலங்குடி வட்டாரத்தில், கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில் இருக்கிறது. கோவிலுக்கு முன்னால், முன்னங்கால்களைத் தூக்கித் தாவுகிற நிலையில் ஒரு வெள்ளைக் குதிரை. 33 அடி உயரம் என்பார்கள். ஆசியாவிலேயே பெரிய குதிரைச் சிலை என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பெருமையை அளந்து பார்க்க நான் நாடாவோடு கிளம்பப் போவதில்லை. கடலுக்கு அப்பால், கோலாலம்பூருக்கு வடக்கே, பத்துமலை அடிவாரத்தில் 140 அடி முருகன் தங்க நிறத்தில் வேலோடு நிற்கிறார். இரண்டும் தமிழர் எழுப்பியவை, இரண்டும் கோவில் வாசலில் நிற்பவை. அதற்குமேல் இரண்டுக்கும் இருக்கிற உறவு அத்தனை சுலபமானதில்லை.

முதலில் ஒற்றுமை. இரண்டுமே மூலவர் இல்லை. குளமங்கலத்தில் குதிரை எவ்வளவு உயரமோ, உள்ளே இருக்கிற அய்யனார் அவ்வளவு அடக்கம். பத்துமலையிலும் பூசை நடக்கும் சந்நிதி 272 படி ஏறிப் போனால் குகைக்குள்தான். சிலையின் காலடியில் செருப்போடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்கள் ஏராளம். நம் பக்கத்தில் இது புதிய ஏற்பாடும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 11 நிலை, 192 அடி. அதைத் தாண்டிப் போய் மேல்தளத்துக்கு ஏறினால் வடபத்ரசாயி பள்ளிகொண்டிருக்கிறார். வெளியே ஓங்கி நிற்பது கோபுரம், உள்ளே படுத்திருப்பது பெருமாள். உள்ளே போகப் போக இடம் சுருங்கி, வெளிச்சம் குறைந்து, கடைசியில் ஒரு விளக்கு வெளிச்சத்தில் சாமி. நம்முடைய பெரிய கோவில்களின் கணக்கு இதுதான். நாமக்கல் ஆஞ்சநேயர் மாதிரி விதிவிலக்கு உண்டு. 18 அடி உயரத்தில் வெட்டவெளியில் நிற்கும் அவரே மூலவர், அபிஷேகமும் அவருக்கே. ஆனால் விதிவிலக்கு விதிவிலக்குதான்.

அய்யனார் கோவில்களில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கும். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953இல் அய்யனாரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவரை எஜமானர் என்ற இடத்தில் வைத்துப் பார்த்தார். அய்யனாருக்குச் சைவப் படையல். கிடா வெட்டு கருப்பருக்கும் மற்றப் பரிவாரங்களுக்கும். எஜமானர் தேவியர் பூரணை, புஷ்கலையோடு காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். ஓடுவதும் காவல் நிற்பதும் அரிவாள் தூக்குவதும் மற்றவர்கள் வேலை. அதனால் கண்மாய்க்கரைக் கோவில் எதை எடுத்துக்கொண்டாலும் பயமுறுத்துகிற மாதிரிப் பெரிதாக இருப்பவர்கள் வாசலில் நிற்கும் வீரர்கள், முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமாக. பிறகு குதிரைகள். இந்த உலகத்தில் பெரிய உருவம் என்றாலே அது வேலைக்காரன்தான் என்று நான் படித்துக்கொள்கிறேன். இரவில் ஊரைச் சுற்றிவர எஜமானருக்கு வண்டி வேண்டும், அதை ஊர் செய்து கொடுக்கிறது.

எப்படிச் செய்து கொடுக்கிறது என்பதில்தான் சுவை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்துப் புரவியெடுப்புத் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் மண்குதிரை செய்கிற வேளாரிடம் பிடிமண் கொடுப்பார். ஒரு பிடி மண், அவ்வளவுதான். அதுதான் ஒப்பந்தம். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் வைக்கோலும் உமியும் கலந்து மிதித்து, நான்கு கால்களை முதலில் குழாய் குழாயாக எழுப்புவார்கள். கால் காய்ந்து பாரம் தாங்குமளவு இறுகிய பிறகுதான் அதன்மேல் வயிறு. ஈரத்தில் அவசரப்பட்டால் கால் மடங்கி மொத்தமும் உட்கார்ந்துவிடும். கழுத்து, தலை, சேணம், மணிமாலை எல்லாம் பிறகு. உள்ளே வெற்றிடம்தான், அதனால்தான் சூளை நெருப்பில் வெடிக்காமல் தப்பிக்கிறது. விறகு, வறட்டி, வைக்கோல் போட்டுச் சுட்டெடுத்து, வண்ணம் பூசி, கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் சேர்க்கும். அடுத்தடுத்த மழைகளில் காது போகும், வால் போகும். யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள். அடுத்த எடுப்பில் பக்கத்தில் புதுக்குதிரை வந்து நிற்கும். அறந்தாங்கிப் பக்கம் போனால் முழுக்குதிரை, அரைக்குதிரை, வெறும் கால்கள் என்று வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

குளமங்கலத்துக் குதிரை இப்படி ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிற மண்குதிரை இல்லை. ஒருமுறை கட்டி எழுப்பியாயிற்று, நிற்கிறது. அந்த வகையில் அது பத்துமலை முருகனுக்குத்தான் உறவு. ஆனால் மாசிமகத்தன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். குதிரையின் உயரத்துக்குத் தோதாக நீள நீளமாகக் கட்டிய காகிதப்பூ மாலைகள் வேனிலும் லாரியிலும் வந்து இறங்கும். வேலை கிடைத்தவர், பிள்ளை பிறந்தவர், நோய் தீர்ந்தவர் என்று நேர்ந்துகொண்டவர்கள் ஒவ்வொருவர் பேரிலும் ஒன்று. மாலைகள் மேலேறி ஒன்றன்மேல் ஒன்றாக விழ, பொழுது சாயும்போது குதிரை இருக்கிற இடத்தில் வண்ணக் காகிதக் குன்று ஒன்றுதான் தெரியும். சிலையின் பெருமை அதன் உயரம் என்றால், திருவிழா நாளில் அந்தச் சிலையே கண்ணில் படுவதில்லை! பூமாலை என்றால் இத்தனை நீளத்துக்கு யாருக்குக் கட்டுப்படியாகும்? காகிதம் என்பதால் கூலிவேலைக்குப் போகிறவரும் போடலாம். உயரம் இங்கே நேர்த்திக்கடனுக்கு அளவுகோலாக இருக்கிறது. நாமக்கல்லில் அனுமன் ஜயந்திக்கு 1,00,008 வடையில் மாலை சாத்துவதும் இதே மனசுதான்.

பத்துமலைக்கு வருவோம். அங்கே முருகனை வரவழைத்தது சிலை இல்லை, வேல். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவிலை 1873இல் நிறுவிய கே. தம்புசாமி பிள்ளை, 1891இல் குகைக்குள் முருகன் வழிபாட்டைத் தொடங்கினார். குகை வாசல் வேல் வடிவில் தெரிந்ததுதான் காரணம் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 1920இல் மரப்படி போட்டார்கள், பிறகு அது சிமெண்ட் படியானது. ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளியும் ரயில்பாதை போட்டவரும் காவடி தூக்கி ஏறிய மலை. நூறு ஆண்டுக்கு மேல் எந்தப் பெரிய சிலையும் இல்லாமல்தான் அத்தனை கூட்டமும் கூடியது. பக்திக்காக என்றால் சிலை தேவைப்பட்டிருக்கவே இல்லை.

2004இல் வேலை தொடங்கி, 2006 ஜனவரி 29இல் திறந்தார்கள். 1,550 கன மீட்டர் கான்கிரீட், 250 டன் இரும்புக் கம்பி, தாய்லாந்திலிருந்து வந்த 300 லிட்டர் தங்க வண்ணம். வடித்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. இங்கே ராஜபாளையத்தைப் பற்றி மேலே சொன்னதை நானே ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலை இருந்தால் சிலை தேவையில்லை என்றால், பத்துமலையிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை பின்னாலேயே நிற்கிறது, சிலையைவிட உயரமாக. அப்படியிருந்தும் சிலை எழுந்தது. ராஜபாளையத்தில் அய்யனார் யாருக்கும் தன்னைத் தெரிவித்துக்கொள்ள வேண்டியதில்லை. வருகிறவர் எல்லாரும் அவர் ஊர்க்காரர். மலேசியாவில் தமிழர் சிறுபான்மை. நெடுஞ்சாலையில் காரில் போகிற மலாய்க்காரரும் சீனரும், விமானத்தில் இறங்கி வருகிற வெள்ளைக்காரரும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்த உயரத்தில் இருக்கிறது. திரினிடாடில் காரப்பிச்சைமாவில் நிற்கும் 85 அடி ஆஞ்சநேயரிடமும் இதே ஆசையைப் பார்க்கலாம். போன இடத்தில் கோபுரத்தின் வேலையைச் சிலை எடுத்துக்கொள்கிறது: நாங்கள் இருக்கிறோம் என்று தூரத்திலேயே சொல்வது.

சொன்னால் போதுமா என்பது வேறு கேள்வி. சிலை திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத 2007 நவம்பர் 25 அதிகாலையில், இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃபின் பேரணிக்காகப் பத்துமலை வளாகத்தில் கூடியவர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, தண்ணீர் பீய்ச்சியது. நாட்டில் கோவில்கள் இடிக்கப்பட்டது அந்தக் கூட்டத்தின் மனக்குறைகளில் ஒன்று. அந்த அதிகாலையில் 140 அடி உயரம் கூடியிருந்தவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. சிறிய மாரியம்மன் கோவில்கள் இடிபடும்போது பெரிய முருகன் சுற்றுலாப் படங்களில் மின்னிக்கொண்டிருந்தார். இதைச் சிலையின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணில் படுவதும் மதிக்கப்படுவதும் ஒன்றில்லை என்று அங்கே உள்ளவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். 2018 ஆகஸ்டில் படிகளுக்கு வானவில் வண்ணம் அடித்தார்கள். பாரம்பரியத் துறையின் அனுமதி வாங்கவில்லை என்று சர்ச்சை எழுந்தது. கூட்டம் மட்டும் கூடியது.

குளமங்கலத்துக் குதிரையையும் பத்துமலை முருகனையும் பக்கத்தில் வைத்தால் எனக்குப் பெரிதாகத் தெரிகிற வேறுபாடு, சிலை கட்டி முடித்த மறுநாளிலிருந்து மக்களுக்கு அதனிடம் என்ன வேலை என்பதுதான். குளமங்கலத்தில் ஒவ்வொரு மாசியும் கை வைக்க வேண்டும்: மாலை கட்ட, ஏற்ற, போட. பத்துமலையில் சிலையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். காவடி அதன் காலடியைக் கடந்து குகைக்குப் போய்விடுகிறது. அலகு குத்தியவர் அண்ணாந்து பார்க்கிறாரோ என்னவோ, அவருடைய நேர்த்திக்கடன் மேலே இருக்கிறது.

அதே தியாகராஜன் ஸ்தபதி பிறகு சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகனை எழுப்பினார். 146 அடி, பத்துமலையைவிட 6 அடி கூடுதல். 2022 ஏப்ரல் 6இல் குடமுழுக்கு. ஆறடிப் போட்டி எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. ஆனால் அங்கே பக்தர்கள் மேலே போய் முருகனின் வேலுக்குப் பாலபிஷேகம் செய்ய லிப்ட் வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் முருகன் தமிழ்நாட்டுக்கு வந்ததும், தொட்டு ஊற்ற ஒரு வழி கேட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள்.