கதைக்கு உரியோர் யார்? யப்பானியச் சுவைஞர் விவாதங்களும் மலையகக் காமன் கூத்தும்

கலைப்படைப்பு ஒன்று ஆக்கியோனுடன் முடிவடைந்துவிடுவதில்லை. அதனைச் சுவைப்போர் தமக்குள் நிகழ்த்தும் விவாதத்திலும் அது வாழ்கின்றது. அவ்விவாதத்தின் பயனைக் கொள்வோர் யாவர் என்னும் வினா நமது இலக்கிய வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. யப்பானிலிருந்து ஒன்றும் கலஹாவைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து ஒன்றுமாக இரு சான்றுகளை ஈண்டு நோக்குவோம்.

1974ஆம் ஆண்டில் யப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்னும் அசைபடத் தொடர், பார்வையாளர் தொகை போதாமையால் 26 பகுதிகளுடன் முடிக்கப்பட்டது. இளைஞர்கள் சங்கங்கள் அமைத்தும் கைப்பிரதிகள் வெளியிட்டும் அதனை விவாதித்து உயிர்ப்பித்தனர். 1977இல் அது திரைப்படமாகிப் பெருவெற்றி பெற்றது. இதனிடையே, 1975 டிசெம்பர் 21ஆந் திகதி டோக்கியோவில் முதலாவது 'கொமிக் மார்க்கட்' கூடியது. 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் பங்குபற்றினர்; அவர்களுட் பெரும்பாலோர் பாடசாலை மாணவியர். அங்குச் சுவைஞர்கள் தாமே வரைந்து அச்சிட்ட சித்திரக்கதை இதழ்களைத் தாமே விற்றனர். ஆசிரியன் வகுத்த முடிவை மறுத்து வேறு முடிவு புனையும் உரிமையை அவர்கள் எவரிடமும் இரந்து பெறவில்லை.

எனினும் முதலாளித்துவச் சந்தை இவ்வுழைப்பை விரைவில் இனங்கண்டுகொண்டது. எண்பதுகளில் 'பிக்குரிமான்' சொக்கலேற்றுடன் வழங்கப்பட்ட ஒவ்வோர் ஒட்டுப்படத்திலும் ஒரு பெருங்கதையின் துணுக்கு இருந்தது. சிறுவர்கள் துணுக்குகளைச் சேர்த்துக் கதையைத் தம்முள் விவாதித்து முழுமையாக்கினர். இனிப்பைப் பலர் எறிந்துவிட்டனர். 1989இல் ஒட்சுகா எய்ஜி இதனைக் கதைநுகர்வு என ஆராய்ந்தார். சிறுவரின் விவாதமே விற்பனையைப் பெருக்கியது; இலாபமோ வேறிடஞ் சென்றது.

இனிக் கலஹாவுக்கு வருவோம். இதனை அடுத்துள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேயே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் காமன் கூத்தையும் உடன்கொணர்ந்தனர். மாசி மாதத்தில் நிகழும் இக்கூத்தில் ஆடுவோரும் காண்போரும் ஒரே உழைக்கும் மக்களே. தஞ்சைப் பகுதி லாவணியில் எரிந்த கட்சியெனவும் எரியாத கட்சியெனவும் இரு சாரார் நின்று, காமன் எரிந்தானா இல்லையா என வாதிடுவர். கதைமாந்தர் பொருட்டு அணிபிரிந்து வாதிடுதல் யப்பானிய இளைஞருக்கு முன்னரே நம்மவர் அறிந்ததொன்றாம்.

இக்கதையின் உட்பொருள் கூர்ந்து நோக்கற்பாலது. தேவர் தம் தேவைக்காக ஏவிய பணியைச் செய்தவன் எரிக்கப்படுகின்றான், ஏவியோர் தப்புகின்றனர், ரதி புலம்புகின்றாள். மலைகளைத் தோட்டங்களாக்கிய மக்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்ததை நினைவுகூர்வோர்க்கு, அப்புலம்பல் புராணச் செய்தியாக மட்டும் ஒலிக்காது.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையகப் பாடல்களைத் திரட்டி அரும்பணியாற்றினர். பாடலைத் தொகுத்தல் போதாது. கூத்து முடிந்தபின் லயன் வாசலில் எழும் கேள்விகளும் மறுப்புகளும் தீர்ப்புகளும் பதிவுபெறல் வேண்டும். அவை மக்களின் திறனாய்வு. யப்பானில் அத்திறனாய்வைச் சந்தை விலைக்கு வாங்கியது. இங்கு வாங்குவோர் இல்லை, ஆயின் கேட்போரும் அரியர். கேட்கும் கடமை பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பேராதனைக்கும் கலஹாவுக்கும் இடைப்பட்ட தொலைவு நெடியதன்று.