மோரா கத்தி

மோரா கத்தி என்பது சுவீடனின் டாலர்னா மாகாணத்திலுள்ள மோரா நகரின் பெயரால் அறியப்படும், மடக்க இயலாத அலகு கொண்ட சிறிய பயன்பாட்டுக் கத்தி ஆகும். மரம் செதுக்குதல், கயிறு அறுத்தல், மீன் அரிதல் போன்ற வேலைகளுக்கு இது பயன்படுகிறது. விலை குறைவு என்பதால் காட்டில் முகாமிடுவோர் பலர் முதலில் வாங்கும் கத்தி இதுவே.

வரலாறு

மோராவுக்கு அருகிலுள்ள ஓஸ்ட்னோர் என்னும் சிற்றூரில் 1891 இல் புரோஸ்ட் நிறுவனமும் 1912 இல் கே. ஜே. எரிக்சன் நிறுவனமும் தோன்றின. இவ்விரண்டும் 2005 இல் ஒன்றிணைந்தன. 2016 முதல் இந்நிறுவனம் மோராக்னீவ் எனப்படுகிறது. 'க்னீவ்' என்பது கத்தியைக் குறிக்கும் சுவீடியச் சொல்.

அமைப்பு

பரவலாக விற்கும் 'கம்பானியன்' வகையின் அலகு ஏறத்தாழ 10 செ.மீ நீளமும் 2.5 மி.மீ தடிப்பும் உடையது. கத்தியைப் போர்க்கருவி போலக் காட்டும் விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருக்கும். கைப்பிடி வார்த்தெடுத்த நெகிழி. அதனுள் செல்லும் அலகின் வால்பகுதி கைப்பிடியின் கடைசிவரை நீள்வதில்லை. விலை குறைவதற்கு இவையும் காரணம்.

அலகின் இருபக்கமும் நடுப்பகுதியிலிருந்து வாய் வரை ஒரே தட்டையான சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். ஆகவே சாணைக்கல்லில் சரிவு முழுவதும் படியுமாறு வைத்துத் தேய்த்தாலே போதும். கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இது பெரிய வசதி. இதே மெல்லிய வாய் எலும்பிலோ மரக்கணுவிலோ மோதினால் சிறிது சிதையக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

அலகு கரிம எஃகிலும் துருவேறா எஃகிலும் கிடைக்கிறது. கரிம எஃகு எளிதில் கூரேறும். ஆனால் ஈரத்தோடு உறையில் இட்டால் துருப்பிடிக்கும். புளிப்பான பழங்களை நறுக்கினால் கறுக்கும். கடலோரத்திலும் மழைக்காட்டிலும் துருவேறா எஃகே ஏற்றது.

மதிப்பீடு

இக்கத்தியை எடைபோடக் காய்ந்த குச்சியொன்றைச் சீவிப் பார்ப்பதே நல்ல வழி. மெல்லிய சீவல்கள் அறுபடாமல் சுருண்டு வந்தால் வாய் நன்றாக உள்ளது. வாயை ஒளிக்கு நேரே பிடிக்கும்போது எங்காவது மின்னினால் அவ்விடம் மழுங்கியிருக்கிறது. உறையைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. இச்சோதனையைக் காலுக்கு நேர்மேலே செய்யாதிருப்பது நன்று!

அலகின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பதே கருத்து வேறுபாடுள்ள பயன்பாடு. கணுவற்ற மெல்லிய விறகை இது தாங்கும். தடித்த விறகில் அலகு நெம்பப்பட்டால் வளையலாம், கைப்பிடியருகே முறியவும் கூடும். அவ்வேலைக்குக் கோடரியே உரியது. கத்திதான் வேண்டுமெனில், வால்பகுதி கைப்பிடியின் கடைசிவரை செல்லும் 'கார்பெர்க்' வகை உண்டு; அதன் விலை பல மடங்கு அதிகம். தீப்பொறிக் கோலை உரசுவதற்கும் கம்பானியனின் முதுகு ஏற்றதன்று. அதன் விளிம்பை அரத்தால் சதுரமாக்கிக்கொள்வோர் உளர்.

கம்பானியனின் கைப்பிடியில் விரல் அலகின்மேல் வழுக்காதிருக்கச் சிறு தடுப்பு உண்டு. சிவப்பு மரக்கைப்பிடியுள்ள பழைய பாணி 'கிளாசிக் 1' வகையில் அது இல்லை. எனவே குத்தித் துளையிடும் வேலைக்கு அதைப் பயன்படுத்துவது ஆபத்து.

சட்டம்

சுவீடனில் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழில் போன்ற தக்க காரணமின்றிப் பொது இடங்களில் கத்தி வைத்திருக்கக் கூடாது.