சுவையும் வர்க்கமும்: கண்டிப் பிரதேசத்தின் மது வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சுவை தனிமனிதனுக்கு உரியதென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. நாவும் மூக்கும் அவனுடையவை. ஆதலின் அவற்றின் வழியே பெறப்படும் இன்பமும் அவனுடையதே எனக் கொள்வது எளிது. ஆயின் எதனைப் பலரறிய அருந்துவது, எதனை மறைவில் அருந்துவது, எதனைச் சிறப்பித்துப் பேசுவது என்பவற்றைத் தீர்மானிப்பது நாவன்று, சமூகமே. கண்டி நகரிலும் அதன் அயலிலும் வாழும் கல்விகற்ற மத்தியதர வர்க்கத்தாருட் சிலரிடையே சிவப்புத் திராட்சை மதுவின் மீது காணப்படும் ஈடுபாடு, இவ்வுண்மையை வரலாற்று நோக்கில் ஆராய்வதற்கு ஏற்றதொரு தொடக்கமாகும்.

இவ்வீடுபாடு பெரும்பாலும் ஒரு மீள்கண்டுபிடிப்பாகவே உணரப்படுகின்றது. அங்கிலிக்கன் திருச்சபை சார்ந்த குடும்பத்திற் பிறந்த ஒருவர், பதின்ம வயதில் திடப்படுத்தல் பெற்றபின், நற்கருணைக் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு மதுவை முதன்முதலாக அருந்தியிருப்பார். அது பக்திக்காக அருந்தப்பட்டது, சுவைக்காக அன்று. பல்லாண்டுகள் கழித்து விருந்தொன்றிலே உணவுடன் சேர்த்து அருந்தும்போது, முன்னர் முகஞ்சுளிக்கச் செய்த துவர்ப்பே அவருக்கு இன்பந் தருவதாகின்றது. திராட்சைத் தோலையும் விதையையும் நீக்காது சாற்றுடன் நொதிக்கவிடுவதனாலேயே சிவப்பு மதுவுக்கு நிறமும் துவர்ப்பும் ஏற்படுகின்றன. துவர்ப்பு குழந்தை தானாக விரும்பும் சுவையன்று. பழகிப் பெறும் சுவை. தேயிலைக்கும் இது பொருந்தும். ஹந்தானை மலைச்சரிவின் லயங்களிலே பால் சேராத வெறுந்தேநீரைக் குடித்து வளர்ந்தவர் துவர்ப்பினை எவரிடமும் கற்கவேண்டியதில்லை. ஆயினும் அவரைச் சுவைஞர் என எவரும் அழைப்பதில்லை. இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றியது என்பதே நம்முன் உள்ள வினாவாகும்.

திராட்சை மது தமிழருக்குப் புதியதன்று. யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த மதுவினைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதனைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடற்பிரதேசத்து மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மேலைக்கரைத் துறைமுகங்களுக்கு மது சிறிதளவே இறக்குமதியானதாகப் பெரிப்புளூஸ் கூறும். அரிதாகக் கிடைத்தமையாலேயே அது வேந்தனின் கிண்ணத்திற்கு உரியதாயிற்று எனலாம். மறுபுறம், அதே தொகுதியில் உள்ள 235ஆம் பாடலில் ஔவையார் அதியமானை நினைந்து புலம்புகையில், சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தந்தவன், மிகுதியாகக் கிடைத்தால் தம்முடன் பகிர்ந்துண்டு மகிழ்ந்தவன் என்கின்றார். ஒன்று தனிச்சிறப்பின் அடையாளம். மற்றது பகிர்வின் அடையாளம். பின்னர்த் திருக்குறள் கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்தபோது, கள் ஒழுக்கவியலின் விசாரணைக்கு உட்பட்டதாயிற்று. மதுவைப் பற்றிய மதிப்பீடு காலந்தோறும் மாறியே வந்துள்ளது என்பது இதனால் தெளிவாகும்.

கண்டி மலைநாட்டின் ஈரலிப்பான காலநிலை திராட்சைக்கு உகந்ததன்று. ஆயின் இம்மலைகளுக்கென ஒரு மதுமரம் இருந்தது, அது கித்துள். ஆங்கிலேயர் அதனை வைன் தரும் பனை என்றே பெயரிட்டழைத்தனர். 1660இற் சிறைப்பிடிக்கப்பட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலிலே இம்மரத்தை விரிவாக வருணிக்கின்றார். அதன் சாறு மிக்க இனிமையுடையது, உடலுக்கு நலம் பயப்பது, ஆனால் நீரைவிட வலிமையுடையதன்று என்பது அவர் கூற்று. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை அது இறக்கப்பட்டது. சாதாரண மரமொன்று மூன்று, நான்கு கலன் சாறு தந்தது. அதனைக் காய்ச்சியே கருப்பட்டி செய்யப்பட்டது. கண்டி மக்கள் குடிவெறியை வெறுத்தனர் என்பதனையும் நொக்ஸ் பதிந்துள்ளார். எனினும் அச்சமுதாயத்தை இலட்சியமயப்படுத்துதல் தவறாகும். கருப்பட்டி செய்வது வஹும்புர சாதியினரின் பிறவிக் கடமையாக்கப்பட்டிருந்தது. இராஜகாரிய முறையின் கீழ் அவர்களின் உழைப்பு அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் உரியதாயிற்று. இனிமையை நுகர்ந்தவர் ஒருவர், மரமேறியவர் வேறொருவர்.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பின்னர் நிலைமை அடிப்படையில் மாறிற்று. கித்துட் சாறு கிராமத்து வீட்டு உற்பத்தி. நெடுநேரம் வைத்திருந்தால் புளித்துவிடும். ஆதலின் தொலைதூர வாணிபத்திற்கு அது ஏற்றதன்று, வரிவிதிப்பதும் கடினம். கரையோரத்தில் தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்ட சாராயமோ கெட்டுப்போகாதது, பீப்பாய்களில் ஏற்றிச் செல்லத்தக்கது, அளந்து வரிவிதிக்கத்தக்கது. சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விடும் குத்தகை முறையை மலைநாட்டிலும் அரசு நிலைபெறச் செய்தது. 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் சாராயம், றம், கள் ஆகியவற்றின் வடிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்திற்று. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருகத் தவறணைகளும் பெருகின. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சா போன்றோர் கண்டிப் பகுதிச் சாராயக் குத்தகையில் ஈட்டிய பெருஞ்செல்வத்தை நிலத்திலும் தோட்டங்களிலும் முதலிட்டனர். இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் தோற்றத்திற்குச் சாராயக் குத்தகை முக்கிய மூலாதாரமாயிற்று என்பதனைக் குமாரி ஜயவர்த்தனா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவியுள்ளார்.

அச்செல்வம் எவருடைய கூலியிலிருந்து திரண்டது என்பது இங்கு மனங்கொளத்தக்கது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த தொழிலாளர், கடனுடனேயே தோட்டத்துள் நுழைந்தனர். அக்கடனைப் பதிந்த துண்டு முறை 1921 வரை நீடித்தது. மலைக்குளிர், நெருக்கமான லயத்து அறை, ஓயாத உழைப்பு ஆகியவற்றின் நடுவே தவறணையே அவர்களுக்கு எட்டிய ஓய்விடமாயிற்று. சம்பள நாளிலே கூலியின் ஒரு பகுதி தவறணை வழியாகக் குத்தகையாளனுக்கும், அவன் வழியாக அரசுக்கும் மீண்டது. இதன் சுமையை முதலில் தாங்கியவர்கள் பெண்களே. கொழுந்து பறித்தவளின் சம்பளத்தையும் அவளது கணவனோ தந்தையோ சென்று பெறும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. எனவே தோட்டத்துக் குடியை வெறும் ஆறுதலெனப் பேசுவதும் பொருந்தாது; அதனை ஓர் இனத்தின் இயல்பான குறைபாடெனப் பேசுவது அதனிலும் பெருந்தவறு.

மதுவிலக்கு இயக்கத்தின் வரலாறும் இம்முரண்பாட்டினைக் காட்டுவதாகும். 1904இல் எழுந்து, 1912இல் புதிய மதுவரிச் சட்டத்தையும் கள்ளுத் தவறணைகளின் பெருக்கத்தையும் எதிர்த்து வலுப்பெற்ற அவ்வியக்கம், குடியேற்ற ஆட்சிக்கெதிரான உணர்வின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்றாயிற்று. 1915இல் கண்டியில் முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் தொடங்கி நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியபோது, ஆட்சியாளர் மதுவிலக்குத் தலைவர்களையும் சந்தேகித்துச் சிறையிட்டனர். ஆயின் சாராயக் குத்தகையால் உயர்ந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையினருட் சிலரே மதுவிலக்கு மேடைகளில் முன்னின்றனர் என்பதும் உண்மை. 1927 நவம்பரில் கண்டிக்கும் மலைநாட்டின் பிற பகுதிகளுக்கும் வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரைக் குடியைக் கைவிடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் நியாயமானதே. எனினும் தவறணையை உருவாக்கிய பொருளாதார அமைப்பினைத் தொடாது, தொழிலாளியின் மனத்திடத்தை மட்டும் நம்பிய சீர்திருத்தம் நெடுந்தூரம் செல்லவில்லை.

இனித் தொடக்கத்திற் கண்ட திராட்சை மதுவுக்குத் திரும்புவோம். நொதித்தல் என்ற இயற்கை நிகழ்வு திராட்சைச் சாற்றிலும் கித்துட் சாற்றிலும் ஒன்றே. சர்க்கரை மதுசாரமாவதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆயினும் ஒன்றனை அருந்துபவர் அதன் நிறத்தையும் மணத்தையும் பற்றி மேசையிலிருந்து பேசுகின்றார்; மற்றதனை இறக்கியவர் உரிமமின்றிக் கள்ளிறக்கிய குற்றத்திற்காக நீதிமன்றில் நிற்கவேண்டியவரானார். ஒருவரின் குடி பண்பாடெனவும் மற்றவரின் குடி பழக்கமெனவும் பெயர்பெற்றன. இப்பெயரீட்டில் நாவுக்குப் பங்கில்லை. வர்க்கத்திற்கும் சாதிக்கும் அரசின் வருவாய்த் தேவைக்குமே பங்குண்டு.

வளர்ந்த பின் ஒரு சுவையை மீளக் கண்டறிவதில் தவறேதுமில்லை. ஆயின் கண்டியிலிருந்து அக்கிண்ணத்தை ஏந்துபவர், இதே மலைகளில் ஏனைய கிண்ணங்களுக்கு நேர்ந்ததையும் அறிந்திருத்தல் வேண்டும். கண்டிக் கச்சேரியின் பழைய பதிவுகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் கண்டிக் கிளையில் உள்ளன. கித்துள் ஏறும் முதியோர் தும்பறையிலும் மாத்தளை மலைக்கிராமங்களிலும் இன்றும் உள்ளனர். தவறணையின் முன் தம் குழந்தைகளுடன் காத்துநின்ற அனுபவத்தை நினைவுகூரத்தக்க தாய்மாரும் லயங்களில் உள்ளனர். அவர்களின் வாய்மொழிச் சான்றுகளை எழுத்திற் பதிவதே நமது ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும். பதிவேடுகள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்கள்.