புராஜெக்ட் புத்தகமும் வைவாவும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் எந்தப் பொறியியல் கல்லூரி வாசலிலும் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. கையில் பென்டிரைவோடு நாலு நாலு பேராகப் பிள்ளைகள். "அண்ணா, நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள பைண்டிங் வேணும்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பில் கடைசி வருடப் புராஜெக்டை முடிக்கும் விதிமுறைகள் எப்படி வந்தன, எதைக் காப்பாற்றின, எதைக் கோட்டை விட்டன என்று எழுத எனக்கு நெடுநாள் ஆசை. பல வருடம் பாடம் நடத்தியவன், வெளிக் கல்லூரிகளுக்கு எக்ஸ்டெர்னலாகப் போய் வந்தவன் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு உண்டு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்தது 1973ல். புரோகிராமை அட்டையில் துளை போட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடை வரக் காத்திருந்த காலம் அது. ஒரு கமா விட்டுப் போயிருந்தால் அன்றைய பொழுது போச்சு. 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போனது. அதே வருடம் செப்டம்பரில்தான் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த பிறகு, கம்ப்யூட்டர் படிப்பு மெல்ல மெல்லச் சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த நாட்களில் புராஜெக்டுக்கு எழுதிவைத்த விதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கைடு திருப்தியடைய வேண்டும், ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். கார்பன் தாள் வைத்து அடித்தால் மூன்றாவது பிரதி மங்கலாக வரும். அதுதான் மாணவனுக்கு. உண்மையான விதி வேறொன்று இருந்தது: கம்ப்யூட்டர் லேபில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார அனுமதி என்பது. மிஷின் குறைவு, ஆள் அதிகம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் யாருமில்லை. ஆகவே ஒருவன் வேலை செய்தானா இல்லையா என்பது லேபில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திருட்டுத்தனம் செய்யவே இடம் இல்லை. நேர்மை என்று இதைச் சொல்ல மாட்டேன், வசதிக் குறைவு என்றுதான் சொல்வேன். செய்ததெல்லாம் சம்பளப் பட்டியல், நூலகப் புத்தகக் கணக்கு மாதிரி சாதாரண வேலைகள்தான். ஆனால் அவரவர் செய்தது.

அப்போது கல்லூரிகள் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன், பிறகு 1990ல் வந்த மனோன்மணீயம் சுந்தரனார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். 2001ல் சட்டம் கொண்டுவந்து பொறியியல் கல்லூரிகளையெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். நடுவில் 2007ல் அதைப் பல துண்டுகளாகப் பிரித்ததும் 2012ல் மறுபடி ஒட்டியதும் தனிக் கதை, அது இங்கே வேண்டாம்.

கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் ஒரே குடையின் கீழ் வந்தபோது எல்லோருக்கும் பொதுவாக ஒரு அச்சு தேவைப்பட்டது. அந்த அச்சைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏ4 தாள். இடது ஓரம் 35 முதல் 40 மில்லிமீட்டர், வலது ஓரம் 20 முதல் 25. மேலே 30 முதல் 35, கீழே 25 முதல் 30. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, அளவு 14. ஒன்றரை வரி இடைவெளி. போனஃபைடு சர்டிஃபிகேட்டுக்கு மட்டும் இரண்டு வரி இடைவெளி. அட்டை கெட்டியான வெள்ளைத் தாளில், எழுத்து கறுப்பில்.

இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இடது ஓரம் அவ்வளவு அகலமாக விடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகமாகத் தைக்கும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விடும், வரியின் முதல் எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? வரி இடைவெளி தட்டச்சுப் பொறி காலத்து மிச்சம், திருத்துகிறவர் இடையில் எழுதுவதற்கு. டைம்ஸ் நியூ ரோமன் 1932ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக வந்த எழுத்து. 1992ல் விண்டோஸ் 3.1 உடன் சேர்ந்தே வந்ததால் எல்லா மிஷினிலும் இருந்தது. அதனால் அது விதியாகவும் ஆகிவிட்டது. (அளவு 14 என்பதால் புத்தகம் நன்றாகத் தடிக்கும் என்பதில் மாணவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம்.)

வேலையைப் பற்றிய விதிகளும் இருந்தன. ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் கூடாது. செமஸ்டருக்குள் மூன்று ரிவ்யூ நடக்க வேண்டும். அதற்கு முன்னால் தலைப்பை முடிவு செய்ய ஒன்று நடக்கும், அதைக் கல்லூரிகளில் 'ஜீரோத் ரிவ்யூ' என்பார்கள். ஒன்றுக்கு முன்னால் சைபர் என்று எண்ணுகிற பழக்கம் கம்ப்யூட்டர்காரர்களுக்குத்தானே உண்டு! 2013ஆம் வருட விதிமுறையில் ரிவ்யூக்களுக்கு 20 மதிப்பெண், கடைசித் தேர்வுக்கு 80. குறித்த தேதிக்குள் ரிப்போர்ட் வராவிட்டால் தோற்றதாகவே கணக்கு, அடுத்து வரும் செமஸ்டரில் மறுபடி பதிவு செய்துகொண்டு செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கெஞ்சலுக்கு இந்த விதிதான் காரணம்.

இன்னொரு விதி உண்டு. அதிகம் பேசப்படாதது, என் கணக்கில் எல்லாவற்றிலும் சிறந்தது. புத்தகம் நான்கு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் வைவா ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக நடக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எக்ஸ்டெர்னல், கைடு, கல்லூரியின் உள் தேர்வாளர், இந்த மூவர் முன்னால்.

சிக்கல் எங்கே முளைத்தது என்றால், பல்கலைக்கழகம் போட்ட விதியில் அல்ல, பல கல்லூரிகளில் துறைகள் தாங்களே கூடுதலாகப் போட்டுக்கொண்ட விதியில். "தலைப்பு ஐ-ட்ரிபிள்-ஈ ஆய்வுக் கட்டுரையிலிருந்து இருக்க வேண்டும், அதுவும் சென்ற இரண்டு வருடத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும்" என்றார்கள். நல்ல எண்ணம்தான். நூலகக் கணக்கையே எத்தனை வருடம் செய்வது என்ற அலுப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. மாணவர்களும் பேராசிரியரும் வருடக்கணக்கில் உழைத்து எழுதிய கட்டுரையை, ஜாவாவில் இரண்டு பேப்பர் எழுதித் தேறிய பையன் நாலு மாதத்தில் செய்துகாட்ட வேண்டும். கைடாக இருப்பவரே போன வருடம் எம்.ஈ. முடித்தவர். அவர் தலையில் ஐந்தாறு குழுக்கள்.

செய்ய முடியாததைக் கேட்டால் செய்து விற்கிறவன் வருவான். வந்தான். சென்னையில் தி.நகர், வடபழனி பக்கம் புராஜெக்ட் சென்டர்கள் கிளம்பின. பிறகு மதுரை, திருச்சி, கோவை எங்கும். அந்த வருடத்துக் கட்டுரைத் தலைப்புகளை அச்சடித்த பட்டியலாகவே வைத்திருப்பார்கள், ஓட்டல் மெனு மாதிரி. தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் கோடு, ரிப்போர்ட், ரிவ்யூவுக்கு ஸ்லைடு, கூடவே 'எக்ஸ்பிளனேஷன்' என்று ஒரு வகுப்பும் கிடைக்கும். நான்கு பேரும் பணம் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்குக்காக வீட்டில் நகை அடகு வைத்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

சென்டரில் செய்த ரிப்போர்ட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. 'ஹார்டுவேர் ரிகொயர்மென்ட்ஸ்' பக்கத்தைத் திருப்பினால் போதும். பென்டியம் 4 பிராசஸர், 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க், 1.44 எம்.பி. ஃபிளாப்பி டிரைவ், லாஜிடெக் மவுஸ். 2015ல் கொடுத்த ரிப்போர்ட்டிலும் ஃபிளாப்பி டிரைவ் உட்கார்ந்திருக்கும். எழுதிய பையன் ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். அடுத்த அத்தியாயத்தில் ஃபீஸிபிலிட்டி ஸ்டடி. 'எக்கனாமிக்கல்' என்று பிழையான ஆங்கிலத்தில் தொடங்கும் அதே பத்தி, ஊர் ஊராக, வருடம் வருடமாக. ஆனால் ஓரங்கள்? அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டர் தப்பாது.

ஒரு வைவா நினைவுக்கு வருகிறது. தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரி. முதலில் வந்த குழு முக அடையாளம் கண்டுபிடிக்கும் புராஜெக்ட். திரையில் ஓடிற்று, குறையில்லை. "தம்பி, இந்த ஜன்னலின் தலைப்பில் உங்க காலேஜ் பேரை மாத்திக் காட்டுங்க" என்றேன். அதற்கு ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பையன் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மூடினான். வியர்த்துவிட்டது. கடைசியில், "சார், சென்டர்ல இந்த அளவுக்குத்தான் சார் எக்ஸ்பிளனேஷன் குடுத்தாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று மதியம் வந்தது மூன்று பெண்கள். புத்தகத்தின் மேல் வாயில் நுழையாத தலைப்பு. உள்ளே பார்த்தால் கிராமத்துப் பால் சொசைட்டிக் கணக்கு. வெறும் 'பால் கணக்கு' என்று கொடுத்தால் துறையில் தலைப்பைத் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்து பெரிய பெயராக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டு மாடு. கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் எவ்வளவு என்று பார்த்துத்தான் பாலுக்கு விலை. நோட்டில் குறிக்கிற அளவுக்கும் பத்து நாளைக்கு ஒருமுறை கைக்கு வரும் பணத்துக்கும் உள்ள கணக்கு அம்மாவுக்குப் புரியவே இல்லை என்பதிலிருந்து அது தொடங்கியிருக்கிறது.

"ஏம்மா, லிட்டர் இருக்கிற இடத்துல மைனஸ் அஞ்சுன்னு போட்டா என்ன ஆகும்?"

"போட்டுப் பாத்துட்டோம் சார். முதல்ல ஏத்துக்கிச்சு. சொசைட்டி எங்க அம்மாகிட்ட காசு கேக்குற மாதிரி பில் வந்துச்சு. அப்புறம் மாத்திட்டோம்" என்று சிரித்தாள். மாற்றிய இடத்தையும் காட்டினாள். அடுத்தவளைத் தனியாகக் கூப்பிட்டு விலைப் பட்டியல் மாறினால் பழைய பில் என்னாகும் என்று கேட்டேன். தேதியோடு பழைய விலையையும் வைத்திருப்பதாகச் சொன்னாள். பல கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் மறக்கிற விஷயம் அது.

உள் தேர்வாளருக்கு அந்தப் புராஜெக்டில் மனம் ஒப்பவில்லை. "லெவல் போதாது சார், பேப்பரே இல்லை" என்றார். ரிப்போர்ட்டின் இடது ஓரமும் குறைவாக இருந்தது, தைத்ததில் சில எழுத்துகள் மறைந்தே போயிருந்தன. கொஞ்ச நேரம் பேசித்தான் மதிப்பெண்ணை ஒரு வழிக்குக் கொண்டுவர முடிந்தது. தனித்தனி வைவா என்ற விதி இல்லாமல் புத்தகத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றிருந்தால் அன்றைக்குக் காலைக் குழுதான் முதலிடம் வாங்கியிருக்கும்.

பிறகு விதிகள் இன்னும் கூடின. 2013 பாடத்திட்டத்தில் புராஜெக்டுக்கு 6 கிரெடிட், 2017ல் அது 10 ஆயிற்று. வாரத்துக்கு 12 பீரியட் இருந்தது 20 ஆனது. எம்.சி.ஏ.யில் கடைசி செமஸ்டர் முழுக்கக் கம்பெனிக்குப் போய்ச் செய்வது வழக்கம், அந்தப் படிப்பே 2020ல் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகச் சுருங்கிற்று. 2018ல் யு.ஜி.சி. கருத்துத் திருட்டுக்கு எதிரான விதியைக் கொண்டுவந்தது. பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பது வரை என்றால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்படிப்பு ஆய்வேடுகளை மனதில் வைத்து எழுதியது அது. இளநிலைக் கல்லூரிகள் சிலவும் அதே சாஃப்ட்வேரை வாங்கி வைத்தன. சென்டர்காரர்கள் உடனே 'பிளேஜியரிசம் ரிமூவல்' என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். வார்த்தையை மாற்றி வார்த்தை போட்டதில் ஃபிளாப்பி டிரைவ்கூட வேறு பெயரில் வந்ததாக ஒரு நண்பர் சொன்னார்.

2020ல் கொரோனா வந்தபோது வைவாவும் செல்போன் திரைக்குள் போயிற்று. இப்போது கோடும் ரிப்போர்ட்டும் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும் மிஷின்கள் வந்துவிட்டன, சென்டருக்குப் பணம் கட்டத் தேவையில்லை. இன்னும் பணியில் இருக்கும் என் பழைய சகா ஒருவர் போன வருடம் எக்ஸ்டெர்னலாகப் போனார். புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, நீ எழுதியதில் ஒரு வரியை நீக்கு, என்ன உடையும் என்று முன்கூட்டியே சொல்லு, பிறகு ஓட்டிப் பார்ப்போம் என்றாராம். காலையில் தொடங்கி இரவு எட்டு மணி ஆகிவிட்டதாம். கல்லூரியில் வண்டி ஏற்பாடு செய்தது ஐந்து மணிக்கு. டிரைவர் திட்டிக்கொண்டே காத்திருந்தாராம்.