உள்நோக்கிக் கவ்விகளின் வரலாறு

உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்சுவரில் ஏற்படும் காயத்தை வயிற்றைக் கிழிக்காமல் மூடப் பயன்படும் சிறிய உலோகக் கருவி உள்நோக்கிக் கவ்வி ஆகும். மருத்துவமனைகளில் இதனைக் கிளிப் என்றே அழைக்கின்றனர். எண்டோஸ்கோப் எனப்படும் உள்நோக்கியின் துணையுடன் இது காயம் உள்ள இடத்திற்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இரத்தக் கசிவை நிறுத்துவதற்காக 1970களில் தோன்றிய இக்கருவி, பின்னர் குடற்சுவரில் விழுந்த துளையையே மூடும் அளவுக்கு வளர்ந்தது. அவ்வளர்ச்சிக்குப் பெருந்தடையாக இருந்தது, கவ்வி கடந்துசெல்ல வேண்டிய வழியின் குறுகிய விட்டமாகும்.

தேவை எழுந்த பின்னணி

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் குழுவினர் 1957இல் கண்ணாடி இழைகளால் ஆன, வளையக்கூடிய இரைப்பை உள்நோக்கியை உருவாக்கினர். அதன் பின்னர் வந்த உள்நோக்கிகளில் கருவிகளைச் செலுத்துவதற்கென ஒரு தனி வழியும் அமைக்கப்பட்டது. நோயைப் பார்க்க மட்டும் பயன்பட்ட உள்நோக்கி, இதனால் சிகிச்சைக் கருவியாகவும் மாறியது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகியோர் பெருங்குடலில் இருந்த கட்டியைக் கம்பி வளையத்தால் உள்நோக்கி வழியாகவே அகற்றினர்.

உள்ளே வெட்டும் ஆற்றல் இவ்வாறு கிடைத்தது. ஆனால் வெட்டிய இடத்தை உள்ளிருந்தே மூடும் ஆற்றல் அப்போது இல்லை. குடற்சுவர் முழுவதுமாகத் துளைபட்டால் அமிலமும் மலத்திலுள்ள கிருமிகளும் வயிற்றறைக்குள் கசிந்து, உயிருக்கே ஆபத்தான அழற்சியை உண்டாக்கும். அத்தகைய நோயாளிக்கு உடனடியாக வயிற்றைத் திறந்து அறுவை செய்வதே வழக்கமாக இருந்தது.

முதல் கவ்விகள்

ஜப்பானில் ஹயாஷியும் அவருடைய குழுவினரும் 1975இல் இரத்தக் கசிவை நிறுத்தும் உள்நோக்கிக் கவ்வியை முதன்முதலில் விவரித்தனர். இரத்தம் பீறிடும் குழாயை இரு கரங்களால் இறுகப் பற்றி அடைப்பதே அதன் அடிப்படை. வெப்பத்தால் சுடும் முறையைப் போல இது சுற்றியுள்ள திசுவைக் கருக்குவதில்லை. எனினும் அக்கவ்வியைப் பொருத்தும் அமைப்பு சிக்கலானது. பொருத்திய பின்பும் அது திசுவில் நெடுநேரம் நிலைக்கவில்லை. ஆகவே அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

1988இல் ஹச்சிசு, மேம்படுத்தப்பட்ட கவ்வி அமைப்பின் பயன்களை வெளியிட்டார். அதன் பின்னர் கவ்வியை விரும்பிய கோணத்திற்குச் சுழற்றும் வசதியும் வந்தது. உள்நோக்கியின் முனை காயத்திற்கு நேராக நிற்பது அரிது என்பதால் இவ்வசதி மிக முக்கியமானது.

துளையை மூடுதல்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பின்மோல்லர், சோகேந்திரா ஆகியோர் இடம்பெற்ற குழு, இரைப்பைக் கட்டி ஒன்றை அகற்றியபோது ஏற்பட்ட துளையை உலோகக் கவ்விகளால் மூடியதை 1993இல் வெளியிட்டது. இரத்தக் குழாயை அடைக்க உருவான கருவி, காயத்தின் இரு விளிம்புகளையும் சேர்க்கும் தையலாகவும் பயன்படும் என்பது இதனால் தெரியவந்தது.

2004இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அந்தோணி கல்லூ குழுவினர், பன்றிகளின் இரைப்பைச் சுவரைத் துளைத்து அதன் வழியே வயிற்றறைக்குள் சென்ற ஆய்வை வெளியிட்டனர். இங்கே துளை தற்செயலாக நேர்ந்ததன்று, வேண்டுமென்றே இடப்பட்டது. எனவே நம்பத்தக்க முறையில் துளையை மூடுவது எப்படி என்ற கேள்வி முன்னிலும் வலுப்பெற்றது.

விட்டம் தந்த சிக்கல்

வழக்கமான இரைப்பை உள்நோக்கியில் கருவி செல்லும் வழியின் விட்டம் ஏறத்தாழ 2.8 மி.மீ. மட்டுமே. கவ்வி அதற்குள் மடங்கிச் சென்று, வெளிவந்ததும் விரிய வேண்டும். தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு கவ்வியையும் உதவியாளர் கையால் கருவியில் பொருத்த வேண்டியிருந்தது. 2000களில் கவ்வி முன்பே பொருத்தப்பட்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் கருவிகள் வந்தன. பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனத்தின் ரெசல்யூஷன் கவ்வி 11 மி.மீ. வரை விரியும், சரியான இடம் அமையும்வரை அதனை ஐந்து முறை வரை மூடித் திறக்கலாம்.

ஆயினும் மெல்லிய கரங்களைக் கொண்ட இக்கவ்விகள் பெரும்பாலும் சளிச்சவ்வையும் அதன் அடியிலுள்ள அடுக்கையும் மட்டுமே பற்றின. அவற்றுக்கு அப்பாலுள்ள தசையடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் வலிமை அவற்றுக்குப் போதவில்லை. பெரிய துளைகளிலும், தழும்பேறிக் கடினமான புண்களிலும் அவை நழுவின.

முனைமேல் பொருத்தும் கவ்வி

ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள ஒவெஸ்கோ நிறுவனம், கவ்வியை வழிக்குள் செலுத்தாமல் உள்நோக்கியின் முனையில் தொப்பிபோல் பொருத்தும் வடிவமைப்பை உருவாக்கியது. இதன் முதல் மருத்துவ அனுபவங்கள் 2007இல் வெளியாயின. கரடிப்பொறி போன்ற பற்களுடைய இக்கவ்வி, நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் உலோகத்தால் ஆனது. வளைத்தாலும் பழைய வடிவத்திற்கே மீளும் மீள்திறன் கொண்டது இவ்வுலோகம்.

திறந்த நிலையில் கவ்வி தொப்பியின் மேல் மாட்டப்படுகிறது. காயத்தின் விளிம்புகள் உறிஞ்சியோ பற்றியோ தொப்பிக்குள் இழுக்கப்படுகின்றன. கைப்பிடியிலுள்ள சக்கரத்தைச் சுழற்றினால் நூல் இழுபட்டுக் கவ்வி நழுவி, தன் மீள்திறனால் தானே மூடிக்கொள்கிறது. இதனால் சுவரின் எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்க முடிகிறது. பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, பிடிபட்ட திசுவுக்கு இரத்தம் செல்ல வழிவிடுகிறது.

பயனும் வரம்பும்

மீண்டும் இரத்தம் கசிந்த குடற்புண் நோயாளிகள் 66 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கசிவு நிற்காமலோ மறுபடி ஏற்பட்டோ தொடர்ந்தது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.6 விழுக்காட்டினரிடம், முனைமேல் பொருத்தும் கவ்வி பெற்றவர்களில் 15.2 விழுக்காட்டினரிடம் மட்டுமே.

இவ்வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. சிறு கவ்விகள் சில நாட்களிலோ வாரங்களிலோ பெரும்பாலும் தாமாக உதிர்ந்து மலத்துடன் வெளியேறும். பெரிய கவ்வியைத் தவறான இடத்தில் பொருத்திவிட்டால் எடுப்பது கடினம். அதனை மின்னோட்டத்தால் துண்டிக்கத் தனிக் கருவியே தேவைப்படுகிறது. மேலும் உள்நோக்கியை வெளியே எடுத்து, தொப்பியை மாட்டி, மறுபடியும் செலுத்த நேரம் பிடிக்கும். ஆகவே பழைய கவ்வி வழக்கொழியவில்லை. சிறு கசிவுக்கும் சிறு துளைக்கும் வழிக்குள் செல்லும் கவ்வியும், ஆழமான துளைக்கும் கடினமான புண்ணுக்கும் முனைமேல் பொருத்தும் கவ்வியும் என இரண்டும் பயன்பாட்டில் உள்ளன. முன்பு அறுவை அரங்கிற்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்ட நோயாளிகளில் பலருக்கு, துளை விழுந்த அதே மேசையில் அதே உள்நோக்கியின் துணையால் அதனை மூட முடிவதே இவ்வரலாற்றின் முதன்மையான பயனாகும்.